வீட்டில் கலர் செய்ய மெஷின் வேண்டுமா, கடைச் சோடா போதுமா?

பங்குனி பிறந்தால் மதுரையிலிருந்து தம்பி போன் செய்துவிடுவான். இந்த வருடம் கேட்டது இது: "அக்கா, பிள்ளைங்க தினமும் கலர் வேணும்னு அடம் பிடிக்குதுங்க. பேசாம ஒரு சோடா மெஷின் வாங்கி, ரஸ்னாவ அதுல கலந்து குடுத்திரவா?"

கலர் என்று நாங்கள் சொல்வது கேஸ், அதாவது கார்பன் டை ஆக்சைடு, அடைத்த இனிப்புப் பானத்தை. மெஷின் வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று கோடைகளாக எங்கள் வீட்டில் மெஷின் இருக்கிறது. அதற்கு முன்னால் சைபன் என்ற சோடா பாட்டில் வைத்திருந்தோம், ஈஸ்ட் போட்டும் பார்த்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் எது நன்றாக வந்தது, எது பாழாய்ப்போனது என்று தெரியும். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். ரஸ்னா, டேங் மாதிரியான பொடிகள் சாதாரணத் தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை. சோடாவில் அப்படியே கொட்டினால் நுரைத்துப் பொங்கி மேசையெல்லாம் வழியும். கரையாத ஒவ்வொரு துகளும் கேஸ் வெளியே ஓட ஒரு வாசல். டம்ளரில் மிஞ்சுவது கேஸ் போன இனிப்புத் தண்ணீர்தான். ஆக, எந்த வழியில் கேஸ் வந்தாலும் சரி, பொடியை முதலில் கெட்டிப் பாகாக்க வேண்டும். பாகு நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதி, அந்தப் பாகில் ஊற்றும் சோடா எவ்வளவு குளிராக, எவ்வளவு காரமாக, அதாவது கேஸ் நிறைந்து, இருக்கிறது என்பது.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பலருக்கும் சறுக்குவது இங்கேதான். கார்பன் டை ஆக்சைடு குளிர்ந்த தண்ணீரில்தான் நன்றாகக் கரையும். ஒரே அழுத்தத்தில், 30 டிகிரித் தண்ணீரில் கரைவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் 5 டிகிரித் தண்ணீரில் கரைகிறது. சித்திரை மாதத்துக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறையாது. அதை மெஷினில் வைத்து எத்தனை தடவை அழுத்தினாலும் சுரத்தில்லாத சோடாதான் வரும். கடையில் விற்கும் கோலா வகைகளில் லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம் கேஸ் இருக்கும். நாக்கில் சுர்ரென்று ஏறுவது அதனால்தான். வீட்டில் அந்த அளவுக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் தண்ணீர் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்திருக்க வேண்டும்.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

கையில் இருப்பதை வைத்து உடனே செய்ய நினைக்கிறவர்கள் கை வைப்பது ஆப்பசோடாவில். ஆப்பசோடாவும் எலுமிச்சை உப்பும், அதாவது சிட்ரிக் ஆசிட்டும், சேர்ந்தால் பொங்குவது கார்பன் டை ஆக்சைடுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லி டம்ளரில் கோலா அளவுக்குக் கேஸ் வர 1.4 கிராம் தேவை. ஒரு குமிழிகூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அதற்கு 2.7 கிராம் ஆப்பசோடா போட வேண்டும். அதில் முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரே டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். திறந்த டம்ளரில் பாதிக் கேஸ் காற்றில் போவதால், நிஜத்தில் இன்னும் அதிகம் போடத் தோன்றும். ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்கள் உள்ள வீட்டில் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. ருசியும் சோப்புத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்த மாதிரி இருக்கும்.

பொடியையே நுரைக்க வைத்துவிட வேண்டும் என்ற ஆசை பெரிய கம்பெனிகளுக்கும் இருந்தது. அமெரிக்காவில் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் மிட்செல் என்ற வேதியியலாளர்தான் டேங் பொடியை உருவாக்கியவர். 1950களில் அவர், தண்ணீரில் போட்டால் தானே சோடாவாகும் ஒரு பொடிக்கு முயன்றார். பானம் அமையவில்லை. கேஸைச் சீனிப் பாகுக்குள் அடைத்த அந்த முயற்சியிலிருந்து பிறந்தது, வாயில் போட்டால் படபடவென்று வெடிக்கும் மிட்டாய், பாப் ராக்ஸ். அதே காலத்தில் ஃபிஸ்ஸீஸ் என்ற நுரைக்கும் மாத்திரை அங்கே சக்கைப்போடு போட்டது. அதில் இனிப்புக்குச் சேர்த்திருந்த சைக்லமேட்டை 1969இல் அமெரிக்க அரசு தடை செய்ததும் அதுவும் கடையை விட்டுப் போனது. அவ்வளவு ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர்களுக்கே கைகூடாததை அடுப்படியில் ஆப்பசோடாவை வைத்துச் செய்ய முடியாது. பிள்ளைகளுக்கு அறிவியல் காட்ட ஒரு முறை செய்யுங்கள், குடிப்பதற்கு வேண்டாம்.

அடுத்தது ஈஸ்ட். இதை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். சீனித் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு பாட்டிலை மூடி வைத்தால், அது சீனியைத் தின்று கேஸை விடும். இலங்கையில் விரும்பிக் குடிக்கும் ஜிஞ்சர் பியரின் பழைய வீட்டுமுறையும் இதுதான். லிட்டருக்கு 7 கிராம் கேஸ் வர ஏறக்குறைய 14 கிராம் சீனி செலவாகும். கூடவே அதே அளவுக்குச் சாராயமும் உண்டாகும். கணக்குப்படி ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அது போதையேற்றும் அளவு இல்லைதான், ஆனாலும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு, மதக் காரணத்தால் தொடாதவர்கள் வந்துபோகும் வீடு என்றால் தெரிந்துகொண்டுதான் செய்ய வேண்டும்.

நம் வெயிலில் ஈஸ்ட் கட்டுக்கடங்காமல் ஓடும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் மூன்று நாள் என்று போட்டிருப்பது இங்கே ஒரே நாளில் முடிந்துவிடும். கண்ணாடி பாட்டில் மட்டும் கூடவே கூடாது, அது குண்டு. சோடாவோ கலரோ இருந்த பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் எடுக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. பாட்டிலை விரலால் அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி ஆனதும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். நான் ஒரு முறை சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திறந்த நொடியில் முக்கால் பாட்டில் கூரைக்குப் போனது. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதது அன்றைக்கு நல்ல காலம்.

பொடிகளுக்கும் ஈஸ்ட்டுக்கும் ஒத்துப்போகாது என்பதையும் சொல்ல வேண்டும். சீனி இல்லாத, செயற்கை இனிப்புப் போட்ட பொடியில் ஈஸ்ட்டுக்குத் தீனியே கிடையாது. ஸ்குவாஷ் வகைகளில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் ஈஸ்ட்டையும் அடக்கிவிடும். சீனி போட்ட ஆரஞ்சுப் பொடியில் வேலை செய்தாலும் ரொட்டி வாசம் ஆரஞ்சு எசன்ஸை அமுக்கிவிடும். இஞ்சிக்கு மட்டும் அந்த வாசம் அழகாகச் சேரும். இஞ்சி, எலுமிச்சை, கருப்பட்டி என்று போகிறவர்களுக்கு ஈஸ்ட் சரி. ரஸ்னாவுக்கு இல்லை.

சைபன் என்பது, சினிமாவில் பணக்கார வீட்டு மேசையில் இருக்குமே, பீய்ச்சும் பிடி வைத்த உலோக பாட்டில், அது. விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் குப்பியைத் திருகினால் 8 கிராம் கேஸ் உள்ளே போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு குப்பி. கணக்கில் 8 கிராம் போதுமானதுதான், ஆனால் கொஞ்சம் தண்ணீருக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் தங்கிவிடும். அதனால் கோலாவின் காரம் வராது, மிதமான சோடா வரும். ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு குப்பி விலை, ஒரு குப்பி குப்பை. மாதத்துக்கு இரண்டு முறை விருந்தாளி வந்தால் எடுக்கிற வீட்டுக்குச் சரி. பிள்ளைகள் தினமும் கேட்கிற வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

சைபன் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கேக் கடைக்காரர்கள் கிரீம் அடிக்கப் பயன்படுத்தும் குப்பியும் இதே உருவம், அதுவும் 8 கிராம். அதில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, சோடாவுக்கு ஆகாது. ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்காமல், கார்பன் டை ஆக்சைடு என்று எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள்.

இப்போது மெஷின். தம்பி கேட்டது இதைத்தான். உள்ளே ஒரு கேஸ் சிலிண்டர், முன்னால் ஒரு பாட்டில், மேலே ஒரு பொத்தான். பரவலாகக் கிடைக்கும் 425 கிராம் சிலிண்டருக்கு 60 லிட்டர் வரை என்று போட்டிருப்பார்கள். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 7 கிராம், ஒரு துளியும் வீணாகாமல் போனால்தான் அந்தக் கணக்கு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் 'புஸ்'ஸென்று வெளியே போவதும் அந்த 425 கிராமிலிருந்துதான். எங்களுக்குக் காரமாக வேண்டும் என்பதால் 35 லிட்டருக்கு மேல் ஒரு சிலிண்டர் வந்ததே இல்லை. வாங்குவதற்கு முன்னால் உங்கள் கணக்கையும் அப்படியே போடுங்கள்: சிலிண்டர் நிரப்பும் செலவை 35ஆல் வகுத்து, பக்கத்துக் கடையில் ஒரு லிட்டர் சோடா என்ன விலை என்று ஒப்பிடுங்கள். மெஷினின் விலையை இன்னும் சேர்க்கவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் மெஷினை முடிவு செய்வது விலை இல்லை, சிலிண்டர் மாற்ற இடம் இருக்கிறதா என்பது. சென்னை மாதிரிப் பெரிய நகரத்தில் காலிச் சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்கிக்கொள்ள வழி கிடைக்கலாம். எங்களுக்குக் கூரியரில்தான் போய்வர வேண்டியிருக்கிறது. போன கோடையில், சரியாக மே மாதத்தில், 19 நாள் மெஷின் சும்மா நின்றது. அதைப் பார்த்து ஒரு கடைக்காரர், வெல்டிங் பட்டறையில் நிரப்பித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெல்டிங்குக்கும் தீயணைப்புக் கருவிக்கும் போகும் கேஸ் அதே கார்பன் டை ஆக்சைடுதான் என்றாலும், குடிக்கிற தரத்துக்குச் சுத்தம் செய்தது என்று யாரும் உறுதி தர முடியாது. நிரப்பும் இடத்தில் அழுத்தம், எடை சரிபார்க்கும் முறையும் வேண்டும். 20 டிகிரியிலேயே சிலிண்டருக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல 57 மடங்கு அழுத்தம் இருக்கிறது. வெயில் ஏற ஏற அது கூடும். அடுப்புக்குப் பக்கத்திலும், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்கவே கூடாது.

ரஸ்னாவை மெஷினுக்குள் கலக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்பதுதான் பதில். மெஷினில் வெறும் தண்ணீர் மட்டும். நான் முதல் மாதத்திலேயே ஆரஞ்சுத் தண்ணீரை வைத்து அழுத்தினேன். நுரை குழாய்க்குள் ஏறி, பின்பக்கமாக வழிந்து, சீனி காய்ந்து வால்வு ஒட்டிக்கொண்டது. எறும்பு வேறு. இரண்டு நாள் வெந்நீர்த் துணி வைத்துத் துடைத்த பிறகுதான் பொத்தான் மறுபடி இறங்கியது. மெஷின் பாட்டிலை மட்டும் வெந்நீரில் கழுவாதீர்கள். அதில் எந்த வருடம் வரை பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருக்கும், அது கடந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக் என்றைக்கும் புதிதாக இருக்காது.

கடைசியில் வைத்திருந்தாலும் என் மனம் சாய்வது கடைச் சோடாவின் பக்கம்தான். தென்மாவட்டக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கைப் போலவே ஊருக்கு ஊர் ஒரு சோடா கம்பெனி இருந்த பூமி இது. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அந்தக் கோலி பாட்டில், அவருடைய ஊரில் மறைந்த பிறகும் நம் பெட்டிக்கடைகளில் பல தலைமுறை வாழ்ந்தது. உள்ளே இருக்கும் கேஸின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். கேஸ் குறைந்தால் கோலி சரியாக நிற்காது. அதனால் கோலி சோடா என்றால் காரம் இருந்தே தீரும்.

கடைச் சோடா ஏன் பாகுக்குப் பொருத்தம் என்றால், பாகு சேர்த்ததும் கேஸ் நீர்த்துப்போகும். ஐந்து பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு பாகு ஊற்றினால் கேஸின் காரம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். தொடக்கத்திலேயே மிதமாக இருக்கும் சைபன் சோடா அங்கே தோற்றுவிடும். கம்பெனியில் நல்ல அழுத்தத்தில் அடைத்த சோடா தாங்கும். விலையிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சீனி சேர்த்த கேஸ் பானத்துக்கு 40 சதவீதம் ஜி.எஸ்.டி. சீனியும் சுவையும் சேர்க்காத சோடாவுக்கு அதைவிட வெகு குறைவு. வெறும் சோடாவை வாங்கி இனிப்பை வீட்டில் சேர்ப்பது அந்த வகையிலும் லாபம். பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிம எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிளப் சோடா என்று விற்கும் சிலவற்றில் சோடியம் உப்புகள் சேர்த்திருப்பார்கள், உப்புக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த வரியையும் படிக்க வேண்டும்.

இதன் குறை, திறந்த பாட்டில் நிற்காது. பெரிய பாட்டிலை வாங்கி மூன்று நாள் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே தடவையில் முடிகிற சின்ன பாட்டிலாக வாங்குங்கள். ஐந்து பேர் உட்கார்ந்து குடிக்கும்போது மட்டும் பெரியது.

இனிப் பாகு. பாக்கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று எவ்வளவு பொடி சொல்லியிருக்கிறதோ, அதை 160 மில்லி தண்ணீரில் கரையுங்கள். அதற்கு 840 மில்லி சோடா. ஹோட்டல் ஃபவுண்டன் மெஷின்களில் கலப்பதும் இந்த ஒன்றுக்கு ஐந்து கணக்குத்தான். தண்ணீரில் அதன் எடைக்கும் மேலான சீனி கரையும், அதனால் இந்தக் கொஞ்சத் தண்ணீரில் கரையுமா என்ற பயம் வேண்டாம். ஒரு துகள்கூட இல்லாமல் தெளியும் வரை கலக்கி, வடிகட்டி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பொடியும் எசன்ஸும் தனித்தனியாக வரும் பழைய மாதிரி ரஸ்னா பாக்கெட் இதற்கு மிகவும் ஏற்றது. ஒரு பாக்கெட்டில் 32 டம்ளர் என்று சொல்லி விற்றார்களே, அது. சீனியை நாம் சேர்ப்பதால் அளவும் நம் கையில் இருக்கும். கோலாவில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10.6 கிராம் சீனி, 300 மில்லி குடித்தால் ஆறு ஸ்பூனுக்கு மேல். நான் 100 மில்லிக்கு 6 கிராம் வருகிற மாதிரி பாகு காய்ச்சுகிறேன், பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். சீனி முன்கூட்டியே கலந்து வரும் பொடிகளில் இந்தச் சுதந்திரம் கிடையாது.

ஆரஞ்சு, எலுமிச்சைப் பொடிகளில் ஏற்கனவே புளிப்பு இருக்கும். சோடாவே தன் பங்குக்குப் புளிப்பைக் கூட்டும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் அது அடங்கும். நன்னாரிப் பாகுக்கு அந்தத் தொல்லை இல்லை, அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளலாம். பன்னீர் சோடா வேண்டுமென்றால் வெறும் சீனிப் பாகில் பன்னீர் சில சொட்டு போதும். சப்ஜா விதையைக் கடைசியில்தான் போட வேண்டும், முதலில் போட்டால் ஒவ்வொரு விதையும் நுரை கிளப்பும். ஓ.ஆர்.எஸ். பொடியை மட்டும் சோடாவில் கலக்கவே கலக்காதீர்கள். அது மருந்து, சொன்ன அளவு குடிநீரில் மட்டும்தான் கரைக்க வேண்டும்.

டம்ளரில் முதலில் பாகு, அப்புறம் ஐஸ், அப்புறம் டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஓரமாகச் சோடா. ஸ்பூனை அடியில் விட்டு ஒரே ஒரு தடவை மேலே தூக்கினால் போதும். சர்பத் கடைக்காரர் மேலேயிருந்து ஊற்றி நுரை பொங்க வைப்பது கண்ணுக்கு அழகு, ஆனால் கேஸ் அங்கேயே பாதி போய்விடும்.

தம்பிக்குச் சொன்னது இதுதான். வாரத்துக்கு நாலைந்து லிட்டர் வரை என்றால் மெஷின் வாங்காதே, வாரம் ஒரு நாள் பாகு காய்ச்சி வை, சோடா கடையிலிருந்து வரட்டும். தினமும் ஒரு லிட்டருக்கு மேல் ஓடுகிற வீடாக இருந்து, சிலிண்டரை இரண்டு நாளில் மாற்றித் தருகிற கடை மதுரையிலேயே இருந்தால் மட்டும் மெஷினைப் பற்றி யோசி. அப்போதும் இரண்டு சிலிண்டராக வாங்கு, ஒன்று போய்வரும்போது இன்னொன்று ஓடும். பெரியவளுக்குப் பள்ளி லீவு விடட்டும், அவளையும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டில் இஞ்சிக்கு ஈஸ்ட் போட்டுப் பார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டிலை அமுக்கிப் பார்க்கும் வேலையை அவளிடமே விட்டுவிடு.